ஒற்றைக் கையால் தொங்கும் பிரிடினை நீல விளக்கில் இறக்குவது எப்படி?

தட்டுவடை செட் சாப்பிடப் போனதுதான் தப்பு. பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று, கரைசல் ஊற்றிய குவெட்டை (ஒளி உறிஞ்சலை அளக்க உதவும் சின்னக் கண்ணாடிக் குப்பி) ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வந்து அளந்தால், விளக்கே போடாமல் வினை பாதி தாண்டியிருந்தது. சேலத்து வெயிலுக்கு எல்.இ.டி. எதற்கு? ஒளி பட்டதும் ருத்தேனியம் சேர்மத்திலிருந்து பிரிடின் கழன்று வரும் ஒளிவினையில் இறங்குகிறவர்கள் முதலில் இருட்டைத் தயார் செய்யுங்கள்.

பழைய போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் கிடைத்த சிவப்பு பல்பைத்தான் நான் மாட்டியிருக்கிறேன். 600 நானோமீட்டருக்கு மேல் இந்தச் சேர்மம் ஒளியை அநேகமாக உறிஞ்சாது. அந்த வெளிச்சத்தில் தைரியமாக எடை போடலாம். பாட்டில்களுக்கு அலுமினியத் தாள் சுற்றிவிடுங்கள்.

பழகுவதற்கு, இரண்டு பைபிரிடினும் இரண்டு பிரிடினும் (இரண்டுமே நைட்ரஜன் வழியாக உலோகத்தைப் பிடிக்கும் கரிம மூலக்கூறுகள்) பிணைந்த ருத்தேனியத்தின் குளோரைடு உப்பு போதும். தண்ணீரில் நன்றாகக் கரையும். ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். பைபிரிடின் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கும் ஆள். பிரிடினுக்கு ஒற்றைக் கைதான். நீல ஒளி பட்டதும் உலோகத்தின் எலக்ட்ரான் பைபிரிடினுக்குத் தாவும். அங்கிருந்து, பிணைப்பைத் தளர்த்தும் இன்னொரு நிலைக்குப் போக அறை வெப்பமே போதும். அதுதான் கொண்டை ஊசி வளைவு. ஒற்றைக்கைக்காரர் ஒருவர் இறங்கிவிடுவார், அந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறு உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பிரிடின் அவ்வளவு சுலபத்தில் இறங்காது.

16 மில்லிகிராம் எடுத்து 50 மில்லிலிட்டரில் கரையுங்கள். அதில் 5 மில்லிலிட்டரை மறுபடி 50 ஆக்கினால் சுமார் 50 மைக்ரோமோலார் செறிவு வரும். நேரடியாக 1.6 மில்லிகிராம் எடை போட்டு ஏமாறாதீர்கள். 3 மில்லிலிட்டரைக் குவெட்டில் ஊற்றி, சின்னக் காந்தக் கலக்கியைப் போடுங்கள். கலக்காவிட்டால் விளக்குப் பக்கம் மட்டும் வினை நடக்கும்.

விளக்குக்கு 450 நானோமீட்டர், 3 வாட் எல்.இ.டி. சரியாக இருக்கும்; பின்னால் ஹீட் சிங்க் கட்டாயம். 0, 5, 10, 20, 40, 80 விநாடிகளில் நிறமாலை (எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) எடுங்கள். 450ஐ ஒட்டிய முகடு மெல்ல நீண்ட அலைநீளத்துக்கு நகரும். நகரும்போது எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். அதுதான் ஐசோஸ்பெஸ்டிக் புள்ளி. வெட்டும் இடம் கலைந்தால் வேறு ஏதோ வினையும் கூடவே நடக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்.

டையோடு அரே கருவி (எல்லா அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் அளக்கும் நிறமாலைமானி) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனம். அதில் வெள்ளை ஒளி முழுதும் கரைசல் வழியாகத்தான் போகும். அளக்கிற சாக்கில் கருவியே வினையை நடத்திவிடும், அளக்காத நேரத்தில் ஷட்டரை மூடுங்கள். தாள் சுற்றிய இன்னொரு குவெட்டும் அதே சூட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏப்ரல் மாதத்தில் மாற்றம் ஒளியால் வந்ததா வெக்கையால் வந்ததா என்று அதுதான் சொல்லும்.

ஐந்து ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்கினால் ஏறக்குறைய ஒரு பிரிடின் என்ற கணக்கு கைக்கு வந்துவிட்டதா? சரி, அப்புறம் பிரிடினுக்குப் பதில் 4-அமினோபிரிடின் பிணைந்ததற்குப் போகலாம். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2003இல் நரம்பு செல்லைத் தூண்டக் காட்டியது இதைத்தான். வெளியே வரும் பொருள் நரம்பு செல்லின் பொட்டாசியம் வாய்க்கால்களை அடைக்கும் நச்சு. இந்தக் கட்டத்தில் கையுறை இல்லாமல் குவெட்டைத் தொடாதீர்கள், கழுவிய நீரையும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.