வியர்வை தெரியாத வெயில்: மெக்டானல் மலைகளுக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வெயில் நமக்கென்ன புதுசா?” என்று சொல்லிக்கொண்டேதான் விமானம் ஏறுகிறோம். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 150 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மேற்கு மெக்டானல் மலைத்தொடரில் இந்த நினைப்புதான் நம்மைக் கவிழ்த்துவிடும். சிங்கப்பூர் உடம்பு பழகியது ஈர வெயிலுக்கு. அங்கே அடிப்பது வறண்ட வெயில். இரண்டும் வேறு வேறு.

நாங்கள் ஆறு பேர் ஒரு ஜூன் விடுமுறையில் போயிருந்தோம். ஆர்மிஸ்டன் கோர்ஜ் என்ற மலைப் பள்ளத்தாக்கில் பவுண்ட் வாக் என்று ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. எட்டரைக் கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். அண்ணி கையில் இருந்தது அரை லிட்டர் போத்தல் ஒன்றுதான். “குளுகுளுன்னு இருக்கு, தாகமே எடுக்கல” என்றார். பாதி வழி தாண்டியதும் தலை வலிக்கிறது என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆனால் காலர் ஓரத்தில் சுண்ணாம்பு இழுத்ததுபோல் வெள்ளையாக ஒரு கோடு. அத்தனையும் உப்பு. காலையிலிருந்து வியர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தோலை விட்டு வெளியே வந்த அந்த நொடியே காற்று அதைக் குடித்துவிட்டது.

நம் ஊர் மெக்ரிட்சி காட்டுப்பாதையில் அரை மணி நேரம் நடந்தால் சட்டையைப் பிழியலாம். அந்த ஈரம்தான் நமக்குத் ‘தண்ணீர் குடி’ என்று சொல்கிற மணி. பாலையில் அந்த மணி அடிக்காது. அதனால் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் என்பதுதான் அங்கே சொல்லப்படும் கணக்கு. எட்டரைக் கிலோமீட்டருக்கு ஒருவருக்கு மூன்று நான்கு லிட்டர். சுமக்கக் கனம்தான், ஆனாலும் குறைக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். அண்ணியை எழுப்பி நடக்க வைத்தது அதுவும் எங்கள் போத்தல்களில் மிச்சமிருந்த தண்ணீரும்தான். வழியில் மடு இருக்கிறதே, அங்கே குடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மடுக்கள் வற்றும், தேங்கும். அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கவும் கூடாது.

அடுத்த தவறு, மாதம். ஆண்டு இறுதியில் நீண்ட பள்ளி விடுமுறை வருகிறது என்று டிசம்பரில் டிக்கெட் போட்டுவிடுவோம். அது அங்கே உச்சக் கோடை. 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். பாறைகள் அந்தச் சூட்டை வாங்கி நம்மேல் திருப்பி அடிக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஜூன் விடுமுறையே சரி. பகலில் 20 டிகிரி வாக்கில் இதமாக இருக்கும். இரவில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், சில நாள் அதற்குக் கீழேயும் இறங்கும். பாலைவனம்தானே என்று கம்பளி ஆடையை வீட்டில் விட்டுவிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரத்திலும் நேரத்திலும் நம் தீவு நம்மை ஏமாற்றும். துவாஸிலிருந்து சாங்கி வரை ஓட்டினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அதோடு நாடே முடிந்துவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஆர்மிஸ்டன் கோர்ஜுக்கு மட்டும் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். உலுரு என்ற அந்தப் பெரிய சிவப்புப் பாறை பக்கத்தில்தானே, மத்தியானம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்களும் உண்டு. அது சுமார் 450 கிலோமீட்டர், போக மட்டும் ஐந்து மணி நேரம். கிளம்பும்போதே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டினால் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பாதையில் நடக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. நமக்கு வருஷம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் இருட்டும். அங்கே ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். மங்கலான அந்த வேளையில்தான் கங்காருக்களும் மாடுகளும் சாலைக்கு வரும். வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்புறுதி செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

காலணி பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் இரண்டு மூன்று வருஷம் சும்மா கிடக்கும் மலையேற்றக் காலணியின் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே பொடிந்துபோகும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும். என்னுடையது அந்தச் சிவப்புக் கற்களில் இறங்கிய முதல் நாளே வாயைப் பிளந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு கார் வரை நடந்தேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதைப் போட்டுக்கொண்டு புக்கிட் தீமா குன்றில் ஏறிப் பாருங்கள். அப்புறம் அதில் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். ஆஸ்திரேலியச் சுங்கத்தில் மண் ஒட்டிய காலணியை விட மாட்டார்கள். முறுக்கு, இட்லிப் பொடி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எல்லரி கிரீக் பிக் ஹோல் என்ற மடுவின் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். இரு பக்கமும் பாறைச் சுவர் என்பதால் வெயில் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. மேல்தண்ணீர் இதமாக இருந்தாலும் ஓர் ஆள் ஆழத்தில் உறைய வைக்கும் குளிராக இருக்கும். கோடையிலும் அப்படித்தான். நமக்கோ குளிர்ந்த நீரில் நீந்தியே பழக்கமில்லை. திடீர்க் குளிரில் மூச்சு அடைக்கும், கை கால் மரத்துப்போகும். ஓரத்தில் மெல்ல இறங்கி, சட்டென்று கரையேறக்கூடிய தூரத்திலேயே இருங்கள். வெயிலுக்காக உடம்பில் பூசிய களிம்பைத் துடைத்துவிட்டு இறங்குங்கள். சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகு மீன்களுக்கும் பறவைகளுக்கும் மிஞ்சுவது அந்த ஒரு மடுதான்.

இந்த மலைகள் அரண்டா என்ற பழங்குடி மக்களின் மண். ஓக்கர் பிட்ஸில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய்த் தெரியும் காவிமண்ணை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளுக்கு எடுத்து வந்திருக்கிறார்கள். நாம் ஒரு சிட்டிகைகூட எடுக்கக் கூடாது. நம் கோயில் திருநீற்றை வெளியாள் ஒருவர் வேடிக்கைக்கு அள்ளிப் பூசினால் எப்படி இருக்கும் என்று என் மகளிடம் சொன்னேன். கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டாள். இந்த மலைத்தொடரின் தேசியப் பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் 2023 முதல் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அதை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். ஸ்டாண்ட்லி கேஸம் என்ற குறுகிய பாறை இடுக்கு பழங்குடி மக்களுக்கே சொந்தமான இடம் என்பதால் அதற்குத் தனிக் கட்டணம். நண்பகலை ஒட்டிப் போனால்தான் சூரியன் அந்த இடுக்குக்குள் இறங்கிச் சுவர்கள் தணலாக எரிவதைப் பார்க்கலாம்.

சிம்ப்சன்ஸ் கேப் என்ற மலை இடைவெளி ஊருக்கு மிக அருகில் இருக்கிறது என்பதற்காகக் காலையில் அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். திரும்பும் வழியில், ஐந்து மணிவாக்கில் அங்கே நிறுத்துங்கள். சத்தம் போடாமல் பத்து நிமிஷம் நின்றால், சரிந்து கிடக்கும் கற்களில் ஒன்று மெல்ல அசையும். அது கல் இல்லை, கங்காருவின் சின்ன உறவான பாறை வாலபி. பிஸ்கட்டை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.