மராமத்துக்கு வரிச்சலுகை: கொத்தனாரைக் கூப்பிடும் முன் போட வேண்டிய கணக்கு

புரட்டாசி பிறந்தாலே நம்ம நெல்லைப் பக்கம் மட்டப்பா ஒழுக்கைப் பற்றிய பேச்சு வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அது இன்னும் கூடிவிட்டது. எப்படியும் செலவழிக்கப் போகிறோம், வரியில் ஏதாவது திரும்புமா?

பல நாடுகளில் திரும்புகிறது. பொருளாதாரம் படுத்திருந்த 2009-ல் கனடா, மராமத்துச் செலவில் 1,000 டாலருக்கு மேல் 10,000 டாலர் வரையான தொகைக்கு 15 சதவீதத்தை வருமான வரியில் தள்ளிக் கொடுத்தது. அதிகபட்சம் 1,350 டாலர். 2010 பிப்ரவரி 1-க்குள் வேலை முடிய வேண்டும் என்று கெடு வைத்ததுதான் சூட்சுமம். 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்றிருந்தவர்களையும் அது கிளப்பிவிடும். கொத்தனார், சித்தாள், ஆசாரி, ஹார்டுவேர் கடை என்று காசு ஊருக்குள்ளேயே சுற்றும்.

நம்மிடம் செலவுக்குச் சலுகை இல்லை, கடன் வட்டிக்குத்தான். சீட்டு எடுத்து ரொக்கமாகச் செலவழித்தால் வருமான வரியில் ஒரு பைசா குறையாது.

படி 1: குடியிருக்கும் வீடா, வாடகை வீடா?

குடியிருக்கும் வீட்டுக்கு மராமத்துக் கடன் வாங்கினால், வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை வட்டியை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். அதுவும் கழிவுகளுக்கு இடம் தரும் பழைய வரிமுறையில் மட்டும், பெரும்பாலான கழிவுகளை எடுத்துவிட்ட புதிய முறையில் இல்லை. 30 சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் மிச்சமாவது, வரிமேல் போடும் செஸ்ஸும் சேர்த்து, 9,360 ரூபாய். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரியே கிடையாது என்பதால், அதற்குள் வருபவர்கள் இந்தக் கழிவுக்காகப் பழைய முறைக்குப் போவது வீண் வேலை. அசல் தவணைக்கு, 80சி என்று பேர்போன சேமிப்புக் கழிவிலும் இடமில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த 30,000 ஏறவே இல்லை. இதை நம்பி யாரும் சாந்துச் சட்டியைத் தூக்க மாட்டார்கள்.

படி 2: வாடகை இருந்தால் கணக்கு வேறு

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மாத வாடகை 10,000 என்றால் வருஷத்துக்கு 1,20,000. கட்டிய வீட்டு வரி 4,000 போக 1,16,000. அதில் 30 சதவீதம், 34,800 ரூபாய், பராமரிப்புக்கென்று தானாகவே கழியும். பில் வேண்டாம், செலவழித்தோமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். மிச்சம் 81,200. மாடி மராமத்துக்கு வாங்கிய கடனுக்கு அந்த வருஷ வட்டி 50,000 என்றால் அதையும் கழிக்கலாம். வரிக்கு நிற்பது 31,200 மட்டும். இந்தக் கணக்கு புதிய முறையிலும் செல்லும். ஆனால் வட்டி கூடி நஷ்டம் காட்டினால், புதிய முறையில் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஆக, கடன் வாங்கித்தான் செய்ய வேண்டுமென்றால் அதை மாடி வேலைக்கு வாங்குங்கள். கீழ்வீட்டுக்குக் கைக்காசைப் போடுங்கள்.

படி 3: கடன்

வங்கியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. மைத்துனரிடம் வாங்கிய கடனின் வட்டியும் கழியும். எழுத்தில் இருக்க வேண்டும், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது, வட்டிக்குச் சான்றும் வேண்டும். அந்த வட்டி அவருக்கு வருமானம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

படி 4: பில்

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை இருக்கிற நமக்கும் அதே வரிதான். 'பில் இல்லாம முடிச்சுக்கலாம் அண்ணாச்சி' என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். பில் இருந்தால், புது அறை, புதுத் தளம் போன்ற செலவை, பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்கிய விலையோடு கூட்டிக்கொள்ளலாம். வெள்ளையடித்ததைக் கூட்ட முடியாது.

கூலிக்குப் பில் கிடைக்காது. மேஸ்திரிக்கு வாரக் கூலியை வங்கி வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் தேதி போட்ட வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். ஸ்வீடனில் மராமத்துச் சலுகையே கூலிக்குத்தான், சாமானுக்கு இல்லை. நம்ம ஊருக்கு அதுதான் பொருந்தும் என்பது என் கட்சி.