வீட்டில் பதிந்த ‘ஏஞ்சல்ஸ்’ கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி

1975 செப்டம்பரில் தொடங்கி 1983 டிசம்பர் வரை பிபிசி ஒளிபரப்பிய ‘ஏஞ்சல்ஸ்’ தொடரில் டாக்டர்கள் ஓரமாகத்தான் வந்துபோவார்கள். பேட்டர்சீயில் இருப்பதாகக் காட்டப்பட்ட செயின்ட் ஏஞ்சலாஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேரும் நர்ஸ்கள்தான் கதையே. கடைசிக் கட்டத்தில் கதைக்களம் பர்மிங்காமுக்கு மாறியது. உருவாக்கியவர் பவுலா மில்ன். பின்னாளில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடங்கிய ஜூலியா ஸ்மித்தும் டோனி ஹாலண்டும் இதில் வேலை பார்த்தவர்கள்தான். அக்காலத்தில் டிவியிலிருந்து நேராகப் பதிந்த கேசட் ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்தால், அதைக் கெடுக்காமல் கணினிக்குக் கொண்டுபோகும் வழி இது.

முதலில் கேசட் எந்த இனம் என்று பாருங்கள். பிரிட்டனில் விஎச்எஸ் வந்தது 1978-இல். அதற்கு முந்தைய பதிவு என்றால் பெரும்பாலும் பிலிப்ஸ் கேசட்டாக இருக்கும்: சதுர வடிவம், நல்ல கனம், இரண்டு சுருளும் ஒன்றன்மேல் ஒன்று. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. என்1500, என்1700 இரண்டுக்கும் கேசட் ஒன்றேதான், ஓடும் வேகம் வேறு. ஒன்றில் பதிந்தது மற்றதில் ஓடாது. மேலே ஒட்டிய லேபிளை வைத்து முடிவு செய்யவும் முடியாது. பிலிப்ஸ், இன்னொரு கேசட் இனமான பீட்டாமேக்ஸ் இரண்டையும் அதற்கான டெக் (கேசட் ஓட்டும் கருவி) ஓடும் நிலையில் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே நல்லது. இனிச் சொல்வதெல்லாம் விஎச்எஸ்ஸுக்கு.

பதிவு எந்தக் காலத்தது என்பதை நிகழ்ச்சியின் நீளமே பாதி சொல்லிவிடும். 1978 வரை வாரம் ஒருமுறை, ஏறக்குறைய 50 நிமிடம். 1979-இலிருந்து வாரம் இருமுறை, அரைமணிக்கும் குறைவு. மூன்று மணிநேர இ-180 கேசட்டில் முதல் வகை மூன்று அடங்கும், இரண்டாம் வகை ஆறு. 1970களின் பிற்பகுதியிலிருந்து பிபிசி நிகழ்ச்சிகளின் கடைசி அட்டையில் ஆண்டு ரோமன் எண்களில் வரும். அது தயாரித்த ஆண்டு. ஒளிபரப்பிய தேதி அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கலாம். சரியான தேதிக்கு பிபிசி ஜீனோம் தளத்தில் தேடுங்கள். ரேடியோ டைம்ஸ் இதழின் பழைய நிகழ்ச்சிப் பட்டியல்கள் அதில் இருக்கின்றன. நடிகர் பெயரை ஒப்பிட்டாலே அத்தியாயம் பிடிபட்டுவிடும்.

கேசட்டை டெக்கில் போடுமுன் செய்ய வேண்டியவை மூன்று. முதுகுப் பக்கத்து ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் பதிவு பட்டன் அமுங்கினாலும் அழியாது. பிறகு ஜன்னல் வழியாக டார்ச் அடித்துச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ தூளோ தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டவே கூடாது: அந்தக் கேசட் கெடுவதோடு டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். மூன்றாவது, பரணிலிருந்தோ குளிரறையிலிருந்தோ எடுத்தது என்றால் ஒரு நாள் முழுக்க அறையில் வைத்திருந்து, பின் ஒருமுறை கடைசிவரை முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுருள் அப்போதுதான் சீரான இறுக்கத்துக்கு வரும். இ-240 கேசட்டில் நாடா மெல்லியது, இழுபடும். அதை மெதுவாக ஓட்டும் டெக்கில்தான் சுற்ற வேண்டும்.

டெக் விஷயத்தில் ஒரு வசதி. அனலாக் டிவி காலத்தில் இந்தியா, இலங்கை, பிரிட்டன் மூன்றிலும் இருந்தது ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறைதான். ஆன்டெனா வழி ஒலி அலைவரிசையில்தான் வித்தியாசம். ஏவி வயரில் எடுக்கும்போது அது குறுக்கே வராது. ஆகவே நம்மூர் பழைய டெக்கே லண்டனில் பதிந்த கேசட்டை ஓட்டும். கனடாவில் வாங்கிய, அந்நாட்டு என்டிஎஸ்சி முறை டெக் மட்டும் உதவாது. வாங்குவதாக இருந்தால் எஸ்-வீடியோ வெளியீடும், உள்ளேயே டிபிசியும் உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் தேடுங்கள். பானசோனிக் என்வி-எஃப்எஸ்200 அந்த வகை. படத்தின் செங்குத்துக் கோடுகள் புழுப்போல் நெளிவதை டிபிசி நேராக்கும். கதவு நிலை, கட்டில் கம்பி என்று வார்டு முழுக்க நேர்கோடுதான் என்பதால் இந்தத் தொடரில் நெளிவு உடனே கண்ணில் படும்.

ஹெட் துடைக்க 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சாமாய்ஸ் தோலும் வேண்டும். காது குடையும் பஞ்சு வேண்டாம், இழை ஹெட்டின் நுனியில் மாட்டிக்கொள்ளும். மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, நனைத்த தோலை ஹெட் பொருத்திய டிரம்மில் லேசாக ஒட்டிப் பிடித்து, டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும். தோலை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும்.

கணினியில் பிடிக்கும்போது 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லா வடிவம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணிநேரத்துக்கு 35 ஜிபி அளவில் பிடிக்கும். ஒரு இ-180-க்கு 100 ஜிபிக்கு மேல் காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். நேராக எம்பி4 ஆக்கித் தரும் மலிவுப் பெட்டிகள் இந்த வேலைக்கு ஆகாது. காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன் வெளிச்ச அளவு. நர்ஸ் தொடரில் சோதனைப் படம் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளை ஏப்ரனும் வெள்ளைத் தொப்பியும் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கின்றன. ஜன்னலோரக் கட்டிலருகே நர்ஸ் குனியும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளின் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு வரைபடத்தை)ப் பார்த்தபடி ஓட்டுங்கள். முதலில் பிரைட்னஸை வைத்துக் கறுப்பைச் சரிசெய்து, பிறகு காண்ட்ராஸ்டைக் குறையுங்கள். எண்கள் 16-க்கும் 235-க்கும் இடையில் அடங்க வேண்டும். ஏப்ரன் மடிப்பும் தொப்பி ஓரமும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. வெறும் வெள்ளைத் தாள்போல் இருந்தால் மடிப்பு அங்கேயே தொலைந்தது. பிறகு எந்த மென்பொருளும் அதை மீட்காது. கிட்னி ட்ரே பளிச்சென்று திரும்பும்போது பின்னால் வால் இழுத்தால் பதறாதீர்கள். அது அக்கால ஸ்டூடியோ டியூப் கேமராவின் குணம், கேசட்டின் பிழை அல்ல. கருநீல மேலங்கியின் சிவப்பு உள்துணி ஓரம் தாண்டி வழிந்தால், அது விஎச்எஸ்ஸின் குணம். நகலின் நகல் என்றால் சிவப்பு இன்னும் கீழே இறங்கியிருக்கும்.

இப்போது பலரும் சறுக்கும் இடம். பால் முறையில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைக் கொண்ட இரண்டு அரைப் படம்; நொடிக்கு 50 ஃபீல்டு. ஸ்டூடியோ வீடியோ கேமராவில் ஒவ்வொரு ஃபீல்டும் தனித் தருணம். ஃபிலிமில் எடுத்த காட்சியில் இரண்டு ஃபீல்டும் ஒரே தருணம். அக்கால பிபிசி நாடக வழக்கப்படி உள்ளரங்கம் வீடியோவிலும், தெருவும் வாசலும் பல நேரம் 16 மிமீ ஃபிலிமிலும் எடுக்கப்பட்டன. அதனால்தான் ஒரே அத்தியாயத்தில் வார்டுக்குள் அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது, வெளியே வந்ததும் சினிமாபோல் ஆகிவிடுகிறது. இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாக்கி நொடிக்கு 25 ஃபிரேம் என்று டீஇன்டர்லேஸ் செய்தால் இந்த வித்தியாசம் செத்துப்போகும்; வார்டும் தெருவும் ஒன்றுபோல் வெட்டி வெட்டி ஓடும். மலிவுப் பெட்டிகள் உங்களைக் கேட்காமலே இதைத்தான் செய்கின்றன.

சோதிப்பது எளிது. மருந்து டிராலி குறுக்கே போகும் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். டிராலியின் ஓரத்தில் சீப்புப்பல் தெரிய வேண்டும். தெரிந்தால் இரண்டு ஃபீல்டும் பத்திரம். பல் இல்லையென்றால் ஒன்று போய்விட்டது, மறுபடி பிடியுங்கள். பார்ப்பதற்கான நகலை க்யூடிஜிஎம்சி (QTGMC) அல்லது பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டி போட்டு நொடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். அதில் டிராலி முன்னே ஓரடி, பின்னே அரையடி என்று உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழ். அனலாக் பிடிப்பில் மேல் ஃபீல்டு முதல், டிஜிட்டல் வீடியோ (DV) வயர் வழி வந்த DV கோப்பில் கீழ் ஃபீல்டு முதல். விகிதம் 4:3, அதாவது திரையில் 768×576. அடியில் சில வரிகள் கிழிந்ததுபோல் நடுங்கும். ஹெட் மாறும் இடம் அது. மூலக் கோப்பில் வெட்டாதீர்கள், நகலில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தால் போதும்.

ஒலி மோனோ, நாடாவின் மேல் ஓரத்தில். டெக்கில் ஹை-ஃபை இருந்தால் அதை அணைத்து நார்மலுக்கு மாற்றுங்கள். மேல் ஓரம் கசங்கியிருந்தால் ஒலி தடுமாறும். கீழ் ஓரம் கசங்கினால் நாடா ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோல் தடம் போய்ப் படமே உதறும். எது தடுமாறுகிறது என்பதை வைத்தே எந்த ஓரம் என்று சொல்லிவிடலாம்.

பாஸ் பட்டனை அழுத்தி விட்டு விட்டுப் பதிந்த கேசட்டில் ஒவ்வோர் ஒட்டிலும் ஃபிரேம் விழும், உதடும் பேச்சும் விலகும். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற டிவிடி ரெக்கார்டரை டெக்குக்கும் கணினிக்கும் நடுவே வைத்து அதன் வழியாக அனுப்பினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒவ்வோர் ஒட்டிலும் நிறுத்தித் தனிக் கோப்பாகப் பிடியுங்கள். அத்தியாயத்துக்கு முன்னும் பின்னும் வரும் பிபிசியின் அடையாளமான பூமி உருண்டை, அறிவிப்பாளர் குரல், அடுத்த நிகழ்ச்சியின் முதல் அரை நிமிடம் எதையும் வெட்ட வேண்டாம். ஜீனோமில் தேதியை உறுதிசெய்ய அடுத்த நிகழ்ச்சியின் பெயரைப் போலக் கைகொடுப்பது வேறில்லை.

கோப்புப் பெயரில் ஒளிபரப்புத் தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் முதலில் எழுதுங்கள். உரிமை பிபிசியுடையது, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டைத் தூக்கி எறியாமல் தொடக்கம்வரை சுற்றி, நிறைந்த சுருள் கீழே வரும்படி நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாத அலமாரியில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டாக இருக்கட்டும்.