பொதுவளம் ஏன் அழிகிறது? ஐவரை வைத்து ஒரு சோதனை

காடோ நிலத்தடி நீரோ, "அளவாக எடுப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து ஆய்வு செய்ய முடியாது. நிஜப் பணம் கைக்கு வரும்போதுதான் நடத்தை தெரியும்.

இது ஒரு விளையாட்டு: குழுவுக்கு 5 பேர், கற்பனையான பொதுக் காட்டில் 100 மரங்கள். சுற்றுக்கு ஒருவர் 10 வரை வெட்டலாம். ஒவ்வொரு மரத்துக்கும் பணம். மிஞ்சும் ஒவ்வொரு 4 மரத்துக்கும் 1 புதிதாக வளரும், 100-ஐத் தாண்டாது. இருப்பதைவிட அதிகம் கேட்டால், கேட்ட விகிதத்தில் பிரியுங்கள். எல்லோரும் 4 வெட்டினால் காடு குறையாது. 10 சுற்றில் ஆளுக்கு 40. எல்லோரும் 10 வெட்டினால் 100, 62, 15 என்று இறங்கி மூன்றே சுற்றில் காலி, ஆளுக்கு 23. எண்களை மாற்றும்போது இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். வளர்ச்சி வேகம் மிகக் குறைந்தால் மொட்டையடிப்பதே குழுவுக்கு லாபமாகி, சோதனை பொருளற்றுப் போகும்.

முதலில் பணமில்லாத இரண்டு ஒத்திகைச் சுற்றுகள், புரிந்ததா என்று சில கேள்விகள். பிறகு முதுகு காட்டி உட்காரவைத்து, எத்தனை மரம் வெட்டுகிறார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மொத்தத்தை மட்டும் அறிவியுங்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்பது கசிந்தால் நீங்கள் அளப்பது வெட்கத்தை. பணத்தையும் தனித்தனி உறையில் கொடுங்கள். கடைசிச் சுற்று எது என்று தெரிந்தால் அதில் வாரிக்கொள்வார்கள். ஆகவே 10 சுற்றுக்குப் பின் பகடையில் 6 விழுந்ததும் முடியும் என்று அறிவித்துவிடுங்கள்.

முதல் ஆட்டத்தில் யாரும் பேசக் கூடாது. இரண்டாம் ஆட்டத்துக்குக் காட்டை மீண்டும் 100 ஆக்கி, குலுக்கலில் தேர்ந்த பாதிக் குழுக்களைச் சுற்றுக்கு முன் 3 நிமிடம் பேச விடுங்கள். மீதிப் பாதி பேசாமலே தொடரட்டும். இந்த மீதிப் பாதியை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது இல்லாவிட்டால், மாற்றம் பேச்சால் வந்ததா பழக்கத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

அபராதத்தையும் சோதிக்கலாம், தனிப் பிரிவாக. கொலம்பியக் கிராமங்களில் கார்டெனாஸ், ஸ்ட்ரான்லண்ட், வில்லிஸ் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து விதிக்கப்பட்டு, மீறினால் அபராதம் என்று அரைகுறையாகக் கண்காணிக்கப்பட்ட விதி மக்களின் சுயநலத்தைக் கூட்டியது. பேச அனுமதித்த குழுக்கள் மேலாக நடந்தன.

பகுப்பாய்வில் ஓர் அலகு என்பது குழு, ஆள் அல்ல. 20 குழுக்களில் 100 பேர் ஆடினாலும் உங்களிடம் இருப்பது 20 தரவுகளே. எதிர்பார்க்கும் வேறுபாடு ஒரு திட்ட விலக்கம் (குழுக்களின் முடிவுகள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) என்றால் பிரிவுக்குச் சுமார் 17 குழுக்கள் போதும். அரை விலக்கம் என்றால் சுமார் 64 வேண்டும்.