எடை கூடியவர்கள் முதல் ஸ்னோபோர்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

பனிச்சரிவில் நின்றபடி சறுக்கிச் செல்ல உதவும் ஸ்னோபோர்டுப் பலகையை நிமிர்த்தி வைத்து, அதன் முனை முகவாய்க்கும் மூக்குக்கும் இடையே வருகிறதா என்று பார்த்து வாங்குவது பழைய வழக்கம். எடை கூடியவர்கள் இதை நம்பி வாங்கினால் பெரும்பாலும் குட்டையான பலகையே கைக்கு வரும். பலகை எவ்வளவு வளையும், பனியில் எவ்வளவு அமிழும் என்பவற்றை முடிவு செய்வது ஏறி நிற்பவரின் எடைதான். உயரத்துக்கு அதில் பங்கு குறைவு. திருப்பத்தில் பலகை நழுவும்போதெல்லாம் தம் உடலையே நொந்துகொள்ளும் பலருக்கு, உண்மையில் காலடியில் இருப்பது அவர்கள் எடைக்குப் போதாத பலகை.

முதலில் பூட்ஸை வாங்குங்கள். பலகையின் இடை அகலத்தை, அதாவது நடுப்பகுதியின் அகலத்தை, முடிவு செய்வது பூட்ஸின் அளவுதான். பாத நீளம் சுமார் 29 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், 'வைடு' எனப்படும், இடை ஏறக்குறைய 26 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பலகை பெரும்பாலும் தேவைப்படும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பானான பைண்டிங்கில் மாட்டி, நிற்கப்போகும் கோணத்திலேயே வைத்துப் பாருங்கள்: விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஓரிரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் நீண்டால், பலகையை விளிம்பில் சாய்த்த கணமே பூட்ஸ் பனியில் உரசி விளிம்பின் பிடியை விடுவித்துவிடும். எடை அதிகம், பாதம் சிறியது என்றால் வைடு பலகையைத் தவிர்ப்பதே நல்லது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்றுவது அதில் சிரமமாகிவிடும்.

நீளத்துக்குத் தயாரிப்பாளர் தரும் எடை அட்டவணையைப் பாருங்கள். 100 கிலோவை ஒட்டிய எடையுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 160 முதல் 165 சென்டிமீட்டர் வரை பொருந்தும். உங்கள் எடை ஒரு நீளத்துக்குரிய வரம்பின் உச்சியைத் தொட்டால் அடுத்த நீளத்துக்குச் செல்லுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது விறைப்பில்தான். புதிதாகக் கற்பவருக்கு மென்மையான பலகை என்பது பொதுவான அறிவுரை. ஆனால் 10-க்கு 2 அல்லது 3 என்று குறிக்கப்பட்ட பலகை, எடை கூடியவரின் கீழ் அளவுக்கு மீறி வளைந்து, சற்று வேகமெடுத்தாலே அதிரத் தொடங்கும். 4 முதல் 6 வரையிலான நடுத்தர விறைப்பே என் பரிந்துரை. கடையில் பலகையின் பின்முனையைத் தரையில் ஊன்றி, முன்முனையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நடுவில் அழுத்துங்கள். சிறு அழுத்தத்துக்கே குழைந்தால் அது உங்களுக்கானது அன்று. வடிவத்தில், பாதங்களுக்கு அடியில் கேம்பரும் (பனியிலிருந்து வில்போல் மேலெழும் வளைவு) முனைகளில் ராக்கரும் (முனை மேல்நோக்கித் தூக்கிய வளைவு) கலந்த ஹைப்ரிட் வகை விளிம்புப் பிடியையும் தருகிறது, கற்பவரின் பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது.

பைண்டிங் பூட்ஸின் அளவுக்கும் பலகையின் துளை அமைப்புக்கும் பொருந்த வேண்டும். விறைப்பும் நடுத்தரமாகவே இருக்கட்டும். பழைய பலகை வாங்குவதானால், எஃகு விளிம்பில் விரிசல் உள்ளதா, பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்துள்ளனவா, அடிப்பரப்பின் கீறல் உள்ளிருக்கும் மரம் வரை இறங்கியுள்ளதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.