பழைய படம் போரடிக்கிறதா? முதலில் பிரிண்டைப் பாருங்கள்

'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் ஊமைப்படத்தை முதல் தடவை போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். ஒரே கொட்டாவி. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற படம், நமக்குத்தான் ரசனை போதவில்லை போல என்று வெளியே சொல்லாமல் இருந்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்தது கைகால் வெட்டப்பட்ட ஒரு பிரதி. 1927இல் வெளியான கொஞ்ச நாளிலேயே அந்தப் படத்தில் கத்தரி விழுந்துவிட்டது, சில கதாபாத்திரங்களின் கதையே காணாமல் போயிருந்தது. வெட்டியதில் பெரும்பகுதி 2008இல் புவெனஸ் அய்ரஸில் ஒரு சினிமா அருங்காட்சியகத்தில் கீறல் விழுந்த 16 மி.மீ. சுருளாகக் கிடைத்தது, 2010இல் சுமார் இரண்டரை மணி நேரப் படமாக மறுபடி வந்தது. அதைப் பார்த்தபோது நடுவில் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

அதனால் கிளாசிக் படங்களுக்குள்ளும், சின்னதாக ஆனால் வெறித்தனமான ரசிகர் கூட்டம் சேர்ந்த கல்ட் படங்களுக்குள்ளும் புதிதாக நுழைகிறவர்களுக்கு நான் சொல்வது, படம் இழுவை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்று பாருங்கள். படத்தின் நீளத்தை ஒரு பார்வை பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். 'செவன் சாமுராய்' 207 நிமிடம், உங்களிடம் இருப்பது அதைவிட முக்கால் மணி நேரம் குறைவாகக் காட்டினால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ஊமைப்படங்களில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நொடிக்கு 16, 18 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று எடுத்ததை 24 ஃபிரேமில் ஓட்டினால் நீளமும் குறையும், ஆட்களும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடப்பார்கள். அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்!

சில படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு, இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்தபோது பார்வையாளர்களுக்குப் புரியாது என்று பயந்து ஸ்டுடியோ நாயகனின் குரலில் விளக்கம் சேர்த்து, கடைசியில் ஒரு சுப முடிவையும் ஒட்டவைத்தது. 1992இல் வந்த வடிவத்தில் இரண்டும் போய்விட்டன, 2007இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட் தானே உட்கார்ந்து செதுக்கிய 'ஃபைனல் கட்' வந்தது. முதல் தடவை பார்ப்பவர் நேராக 2007க்குப் போங்கள், குரல் விளக்கம் உள்ளதை அப்புறம் வேடிக்கைக்காகப் பார்த்துக்கொள்ளலாம்.

இலவசமாக எங்கும் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968இல் வெளியாகும்போது பெயரை மாற்றினார்கள், மாற்றிய அவசரத்தில் காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம் என்றாகி, நகலின் நகலாக மங்கிப்போன பிரதிகள்தான் எங்கும் சுற்றுகின்றன. மூல நெகட்டிவிலிருந்து சீரமைத்த பிரதியில் அந்தக் கருப்பு வெள்ளை எவ்வளவு கூர்மை தெரியுமா, பயமே வேறு மாதிரி இருக்கிறது.

சரி, நல்ல பிரிண்ட் கிடைத்துவிட்டது. இனி டிவி. காட்சிகளை வழவழப்பாக்குகிற ஒரு செட்டிங் பல டிவிகளில் தானாகவே போட்டிருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். 24 ஃபிரேம் படத்துக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைச் செருகி, சினிமாவை மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அணைத்துவிடுங்கள். 1953க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருவதுதான் சரி. திரையை நிரப்புகிறேன் என்று பெரிதாக்கினால் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் வெட்டுப்படும். டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் போதும்.

எதில் தொடங்குவது என்பதில் பலருக்கும் தப்பு நடக்கிறது. உலகின் தலைசிறந்த படங்கள் என்ற பட்டியலை எடுத்து உச்சியிலிருந்து இறங்காதீர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையில் 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' முதலிடம், 2012இல் 'வெர்டிகோ', 2022இல் ஷாந்தால் அகர்மனின் 'ழான் டீல்மன்'. கடைசியாகச் சொன்னதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண் வீட்டு வேலை செய்கிறாள், உருளைக்கிழங்கு உரிப்பதை முழுசாகக் காட்டுவார்கள். அங்கே ஆரம்பித்தால் ஜென்மத்துக்கும் பழைய படம் பக்கம் வரமாட்டீர்கள். ஏற்கெனவே பிடித்த வகையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் சுலபம். த்ரில்லர் பிடிக்குமா? 1955இல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்', ஒன்றரை மணி நேரம்தான். நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம், அன்றைக்கு ஓடவில்லை, அதற்குப் பிறகு அவர் இன்னொரு படம் இயக்கவேயில்லை. இரண்டு குழந்தைகள் ராத்திரியில் படகில் போகிற அந்த ஒரு காட்சிக்காகவே நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

கல்ட் படங்கள் வேறு ஜாதி, அவற்றைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பது பல சமயம் வீண். 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975இல் படுத்துவிட்டது, மறுவருஷம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சிகளில் ரசிகர்கள் திரையைப் பார்த்துப் பதிலுக்குப் பேசத் தொடங்கிய பிறகுதான் அதற்கு உயிரே வந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு, கத்த அனுமதித்துப் பாருங்கள். மெதுவாக நகரும் ரஷ்யப் படம் 'ஸ்டாக்கர்' மாதிரி ஒன்றுக்கு நேர்மாறு: தனிமை, இருட்டு, போன் அடுத்த அறையில். மோசமான படத்தைப் போட்டுக் கிண்டலடிப்பதுதான் கல்ட் ரசனை என்று ஒரு கூட்டம் இருக்கிறது, எனக்கு இரண்டாவது படத்திலேயே அலுத்துவிட்டது.

இத்தனையும் செய்து நாற்பது நிமிடம் தாண்டியும் ஒட்டவில்லையா, தயங்காமல் நிறுத்திவிட்டு ஒரு வருஷம் விட்டு மறுபடி எடுங்கள். 'டோக்கியோ ஸ்டோரி' எனக்கு மூன்றாவது தடவைதான் பிடித்தது. 'ழான் டீல்மன்' இன்னும் பாதியில் நிற்கிறது.