மலையகத்தில் வாகனம் ஓட்டுவதற்கு எந்த மேப் ஆப் நல்லது?

கண்டி டவுன் நெரிசலுக்குள் என்றால் கூகுள் மேப்ஸ் அல்லது வேஸ், இரண்டில் எதுவும் சரி. இரண்டும் கூகுளுடையதுதான், வேஸை 2013இல் வாங்கிவிட்டார்கள். ஆனால் வேஸ் டேட்டாவை நம்பி ஓடுவது. ஹட்டனைத் தாண்டித் தோட்டப் பக்கம் போனால் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அதனால் வீட்டு வைஃபையிலேயே கூகுள் மேப்ஸில் உங்கள் பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். ஒரு குறை: ஆஃப்லைனில் வாகன வழி மட்டும்தான் கிடைக்கும். நடைபாதையும் வராது, நெரிசல் நிலவரமும் வராது.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஏறும் படிக்கட்டுப் பாதை, தேயிலை மலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை எல்லாம் வேண்டுமென்றால் ஓர்கனிக் மேப்ஸ் போட்டுப் பாருங்கள். இலவசம், விளம்பரம் இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மக்கள் வரைந்ததைத்தான் அது காட்டுகிறது. யாரும் வரையாத தோட்டப் பிரிவு (டிவிஷன்) அதில் வெறும் பச்சையாகத்தான் இருக்கும்!

எந்த ஆப் ஆனாலும் 'குறுகிய வழி' என்றால் கொஞ்சம் யோசியுங்கள். என்னை ஒன்று கொழுந்து லொறிப் பாதையில் ஏற்றிவிட்டது. வேனைப் பின்னோக்கியே இறக்க வேண்டியதாயிற்று. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியும் அப்படித்தான், தூரம் குறைவு, சரிவு கடுமை. பழக்கமில்லாதவர்கள் பிரதான வீதியிலேயே போங்கள்.

அப்புறம், அடைமழை நாளில் கிளம்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் ஒருமுறை பாருங்கள்.